பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பிடிக்கும் ஒரு செய்தி உண்டு. "பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்." படிப்பவர்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர், பள்ளி விடுமுறை கிடைக்குமா என்று பார்ப்பார்கள்!

இந்தக் கூண்டுக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடத்தில் வரும் மல்ட்டிகாஸ்ட் ரவுட்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து, மறுநாள் மதியம் மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். பாம்பன் கடற்கரையில் நின்று பார்த்தால் இது அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஏனென்றால் அங்கே இது மதிப்பெண் விவகாரம் இல்லை. உயிர் விவகாரம்.

இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் தூரத்தில் கடலில் ஏதோ உருவாகிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 10-க்கு மேல் இன்னும் பெரிய புயலா? இல்லை. 11-ம் எண்ணின் அர்த்தமே வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்குள் யாராவது ஊகித்துவிட்டால், அவர்களுக்கு மல்ட்டிகாஸ்ட் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு செய்தி, பல காதுகள்

ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகம். கடற்கரை முழுக்க ஒரு செய்தி சொல்ல வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்வது. இதுதான் யூனிகாஸ்ட். 500 பேர் என்றால் 500 அழைப்பு. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே பல மணி நேரம் ஓடிவிடும். குறுஞ்செய்தியும் இந்த வகைதான். வேகமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, ஊர் முழுக்க மைக் கட்டிச் சொல்வது. இது பிராட்காஸ்ட். கடலுக்கே போகாத ஜவுளிக்கடைக்காரரும் கேட்டாக வேண்டும். ஒரு தெருவுக்குச் சரி. உலகம் முழுக்க இருக்கும் இன்டர்நெட்டில் ஒருவர் பேசுவதை எல்லாக் கம்ப்யூட்டர்களும் கேட்டாக வேண்டும் என்றால் நெட்வொர்க் செத்துவிடும்.

மூன்றாவது வழி, நாளிதழ்க் கட்டு போகிற வழி. ஒரு வண்டி மொத்தக் கட்டோடு கிளம்புகிறது. உச்சிப்புளியில் ஒரு கட்டு, மண்டபத்தில் ஒரு கட்டு, பாலம் தாண்டிப் பாம்பனில் ஒரு கட்டு, தங்கச்சிமடத்தில் ஒன்று, ராமேஸ்வரத்தில் ஒன்று. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு வண்டி போவதில்லை. பேப்பர் வாங்காத வீட்டு வாசலில் யாரும் போடுவதும் இல்லை. இதுதான் மல்ட்டிகாஸ்ட்.

கணக்காகவே பார்க்கலாம். ராமேஸ்வரம் தீவில் 500 பேர் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 2 மெகாபிட். யூனிகாஸ்ட்டில் தீவுக்குப் போகும் கேபிளில் 1000 மெகாபிட் ஓட வேண்டும். மல்ட்டிகாஸ்ட்டில் அதே கேபிளில் வெறும் 2 மெகாபிட். பாலத்தைத் தாண்டுவது ஒரே ஒரு பிரதி. கிளை பிரியும் இடத்தில்தான் பிரதி எடுக்கிறார்கள்.

அனுப்புபவருக்குத் தெரியாத கூட்டம்

சரி, பேப்பர் ஏஜென்ட்டிடம் யார் யாருக்குப் பேப்பர் வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. இன்டர்நெட்டில் அந்தப் பட்டியலை யார் வைத்திருப்பது?

1980-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங் சொன்ன பதில் அதிரடியானது: யாருமே வைத்திருக்க வேண்டாம்! குழுவுக்கு ஒரு முகவரி மட்டும் இருக்கட்டும். அனுப்புபவர் அந்த முகவரிக்கு அனுப்பட்டும். கேட்க வேண்டியவர் அந்த முகவரியில் காது வைக்கட்டும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிய வேண்டியதில்லை. 1988-ல் கட்டுரையாகவும், 1989-ல் ஆர்எஃப்சி 1112 என்ற இன்டர்நெட் விதியாகவும் இது வெளிவந்தது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான ஐபி முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மொத்தம் 26 கோடிக்கும் மேல்.

பாம்பனில் இதற்குக் கண்முன்னே உதாரணம் உண்டு. மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' சமுதாய வானொலி, 90.4 அலைவரிசை. நிலையத்தில் பேசுபவருக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியாது. கேட்பவர் யாரிடமும் பெயர் கொடுப்பதில்லை. 90.4 என்ற எண்தான் குழுவின் முகவரி. திருப்பினால் சேர்ந்துவிட்டீர்கள். அணைத்தால் விலகிவிட்டீர்கள்.

ஆனால் ரேடியோ அலை தானாகப் பரவும், பாக்கெட் தானாகப் பரவாது. தன் தெருவில் கேட்பவர் யாராவது இருக்கிறார்களா என்று ரவுட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் ஐஜிஎம்பி என்ற நெறிமுறை. வழக்கமாக 125 விநாடிக்கு ஒரு முறை ரவுட்டர் தன் தெருவைப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் குழப்பம். அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 10 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துக் காத்திருக்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் "இருக்கேன்" என்று சொல்வது காதில் விழுந்தால் இது பேசாமல் இருந்துவிடும். (2002-ல் வந்த மூன்றாவது பதிப்பில் இந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.)

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரவுட்டருக்குத் தெரிவது "ஒருவராவது இருக்கிறார்" என்பது மட்டும்தான். எத்தனை பேர்? யார் யார்? தெரியாது. யாரிடமிருந்தும் பதில் வரவில்லையா? 260 விநாடி பார்க்கும். பிறகு "இங்கே யாருமில்லை" என்று முடிவு கட்டி, செய்தியை நிறுத்திவிடும்.

அதாவது ரவுட்டரின் அகராதியில் மௌனம் என்றால் 'ஆளில்லை'. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வளர்ப்பது எப்படி?

இனி அல்காரிதம். ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி மூன்றிலும் ஒவ்வொரு ரவுட்டர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றுக்கும் இடையே கேபிள். ராமநாதபுரம் - கீழக்கரை செலவு 10. ராமநாதபுரம் - ஏர்வாடி செலவு 10. கீழக்கரை - ஏர்வாடி செலவு 3. (உண்மைத் தூரம் அல்ல, கணக்குக்காக.)

ராமநாதபுரம் ஒரு பாக்கெட்டை இரண்டு பக்கமும் அனுப்புகிறது. கீழக்கரை அதை வாங்கி ஏர்வாடிக்குத் தள்ளுகிறது. ஏர்வாடி தன்னிடம் வந்ததைக் கீழக்கரைக்குத் தள்ளுகிறது. கீழக்கரை அதை மறுபடி ராமநாதபுரத்துக்கு... இப்படியே போனால் ஒரே செய்தி வதந்தி மாதிரி ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். நிற்கவே நிற்காது.

இதற்கு ஓர் எளிய தீர்வை 1978-ல் யோகன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் எழுதினார்கள். தலால், மும்பை ஐஐடியில் படித்தவர். மெட்காஃப், ஈத்தர்நெட்டைக் கண்டுபிடித்தவர். தீர்வின் பெயர் ரிவர்ஸ் பாத் ஃபார்வர்டிங். ஒரே விதிதான்: "இந்தச் செய்தியை அனுப்பியவருக்கு நான் பதில் போடுவதாக இருந்தால் எந்த வழியில் போடுவேனோ, அந்த வழியாக வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வேன். வேறு வழியாக வந்தால் குப்பையில் போடுவேன்."

ஏர்வாடியிலிருந்து ராமநாதபுரத்துக்கு நேர் வழியில் 10. கீழக்கரையைச் சுற்றினால் 13. எனவே கீழக்கரையிலிருந்து வந்த பிரதியை ஏர்வாடி தூக்கிப் போட்டுவிடும். சுழற்சி நின்றது! இதில் அழகு என்னவென்றால், புதிதாக எதையும் கணக்கிடத் தேவையில்லை. குறுக்கு வழிப் பட்டியல் ஏற்கெனவே ஒவ்வொரு ரவுட்டரிடமும் இருக்கிறது. அதையே தலைகீழாகப் படித்தால் போதும்.

அடுத்தது, கிளை வெட்டுவது. ஏர்வாடியில் கேட்பவரே இல்லை என்றால் அது மேலே ஒரு 'ப்ரூன்' செய்தி அனுப்பும்: "எனக்கு வேண்டாம்." மேலே இருப்பவர் அந்தக் கிளையை வெட்டிவிடுவார். பிறகு யாராவது சேர்ந்தால் 'கிராஃப்ட்' செய்தி போகும். வெட்டிய கிளையை ஒட்டவைப்பார்கள். தோட்டக்காரர் வேலைதான். டிவிஎம்ஆர்பி என்று பாடத்தில் வருவது இந்த முறையை வைத்துத்தான்.

கேட்பவர்கள் நிறையப் பேர் நெருக்கமாக இருந்தால் இது அருமை. நாடு முழுக்க மூன்றே பேர் கேட்கிறார்கள் என்றால்? எல்லாத் தெருவிலும் வெள்ளம் போல் விட்டு, பிறகு ஆயிரக்கணக்கான இடங்களில் "வேண்டாம்" வாங்க வேண்டும். வெட்டிய கிளையும் நிரந்தரமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குறிப்பு காலாவதியாகிவிடும். மறுபடி வெள்ளம்.

ஸ்டைனரின் தலைவலி

இன்னொரு கேள்வி. கீழக்கரை, ஏர்வாடி இரண்டுமே குழுவில் இருக்கின்றன. குறுக்கு வழி மரத்தில் மொத்தச் செலவு 10 + 10 = 20. கீழக்கரைக்கு அனுப்பி அங்கிருந்து ஏர்வாடிக்கு அனுப்பினால் 10 + 3 = 13 தான். மிச்சம் 7! ஆனால் ஏர்வாடிக்குச் செய்தி சற்றுத் தாமதமாகப் போகும்.

மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும் மரத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஸ்டைனர் மரக் கணக்கு என்று பெயர். 19-ம் நூற்றாண்டு ஸ்விஸ் கணித மேதை யாகோப் ஸ்டைனர் பெயரால் அழைக்கப்படுகிறது. சிக்கல் எங்கே என்றால், குழுவில் இல்லாத ஊரையும் கிளை பிரிக்கும் இடமாகப் பயன்படுத்தலாம். எந்தெந்த ஊரை? இப்படி 20 ஊர்கள் இருந்தால் தேர்வு செய்யும் விதங்கள் 10 லட்சத்துக்கும் மேல். ஊர் கூடக்கூட இரட்டிப்பாகும். 1972-ல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட புகழ்பெற்ற 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. எல்லா நெட்வொர்க்குக்கும் வேகமாகச் சரியான விடை தரும் வழி இன்றுவரை யாருக்கும் தெரியாது. சிறந்த விடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாத விடையை வேகமாகக் கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் நிஜ ரவுட்டர்கள் இதன் பக்கமே போவதில்லை. குழுவில் ஆட்கள் சேர்ந்துகொண்டும் விலகிக்கொண்டும் இருப்பார்கள். கஷ்டப்பட்டுப் போட்ட மரம் அடுத்த நிமிடமே பழசாகிவிடும். அதனால் குறுக்கு வழி மரமே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சிதறிக் கிடக்கும் சிறு குழுக்களுக்கு வேறொரு யோசனை வந்தது. 1993-ல் வெளியான 'கோர் பேஸ்டு ட்ரீ', அதன்பின் வந்த 'பிம் ஸ்பார்ஸ் மோடு' இரண்டும் இந்த வகை. எல்லோரும் சந்திக்க ஓர் இடத்தை முடிவு செய்துகொள்வார்கள். அனுப்புபவர் செய்தியை அங்கே கொண்டுவருவார். கேட்பவர்கள் அங்கே போய்ப் பதிவு செய்வார்கள். ஊர் தெரியாத இரண்டு பேர், "பஸ் ஸ்டாண்டில் பார்ப்போம்" என்று சொல்லிக்கொள்வது மாதிரி. வெள்ளம் விடத் தேவையில்லை.

குறை? சில செய்திகள் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சந்திப்பு இடம் விழுந்தால் எல்லாமே விழும். ஒரே பாலத்தை நம்பியிருந்த தீவுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1964 புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் 145 தூண் இடைவெளிகளில் 126-ன் கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். அது சாதனைதான். ஆனால் அப்போது சாலைப் பாலமும் கிடையாது. அது வந்தது 1988-ல். 1964-ல் தரை வழி என்றால் அந்த ஒற்றை ரயில் பாலம்தான்.

சாதித்ததா மல்ட்டிகாஸ்ட்?

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இன்டர்நெட் பொறியாளர்கள் கூட்டத்தின் பேச்சை மல்ட்டிகாஸ்ட் வழியே பல இடங்களில் கேட்டார்கள். 'எம்போன்' என்ற சோதனை நெட்வொர்க் அப்படித்தான் வளர்ந்தது. இனி டிவி, ரேடியோ எல்லாமே இப்படித்தான் என்று நினைத்தார்கள்.

நடக்கவில்லை. இன்று யூடியூபில் ஒரு கிரிக்கெட் நேரலையைக் கோடிப் பேர் பார்த்தால், அடிப்படையில் அது கோடி தனிப் பிரதிகள். பக்கத்திலேயே சர்வர்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். மல்ட்டிகாஸ்ட் இன்று நன்றாக வேலை செய்வது மூடிய நெட்வொர்க்குகளில்தான். ஒரு நிறுவனமே முழுக்க நடத்தும் ஐபிடிவி, பங்குச்சந்தையின் விலைத் தகவல் போன்றவை. யார் வேண்டுமானாலும் குழுவுக்கு அனுப்பலாம் என்ற டீரிங்கின் பழைய முறையை, நெட்வொர்க்குகளுக்கு இடையே இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020-ல் இன்டர்நெட் பொறியாளர்களே எழுதிவைத்துவிட்டார்கள்.

பணம், பாதுகாப்பு என்று காரணங்கள் பல. அனுப்புபவருக்குக் கேட்பவரைத் தெரியாது என்பதும் அதில் ஒன்று. யாரிடம் காசு வாங்குவது?

ஆனால் கடற்கரையில் கேள்வி காசு இல்லை. யாருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பதுதான்.

கடைசிக் கிளை கடலில் இருக்கிறது

ஒரு படகை எடுத்துக்கொள்வோம். எந்தப் படகு என்று வேண்டாம், ஏதோ ஒரு படகு. கரையில் இருக்கும்வரை அதற்குச் செய்தி போக ஆயிரம் வழி. கூண்டு தெரியும். வானொலி கேட்கும். போன் அடிக்கும். 2023-ல் நாடெங்கும் சோதித்த செல் பிராட்காஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அதேதான். கோபுரம் ஒரு முறை சொல்லும், அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனும் கேட்கும். கரைக்கு அருமையான ஏற்பாடு.

படகு கிளம்புகிறது. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் போன் சிக்னல் போய்விடும். சமுதாய வானொலியும் ரொம்ப தூரம் எட்டாது. கூண்டு எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. மரத்தின் கடைசிக் கிளை வெட்டுப்பட்டுவிட்டது. ஆனால் யாரும் ப்ரூன் செய்தி அனுப்பவில்லை!

2017 ஒக்கி புயலில் நடந்தது இதுதான். நவம்பர் 30 காலையில் அது புயலாக மாறியது. கரையில் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் படகுகள் பல அதற்கு எத்தனையோ நாள் முன்பே கிளம்பிவிட்டிருந்தன. "கடலுக்குப் போகாதீர்கள்" என்பது கரையில் இருப்பவருக்கான செய்தி. ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு? நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதற்கு விலை கொடுத்தன.

அதன்பின் முயற்சிகள் நடந்தன. 2019-ல் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ஜெமினி' என்ற சிறு கருவியை வெளியிட்டன. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் வழியாகப் போனுக்குக் கொடுக்கும். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் கேட்கும். நல்ல மல்ட்டிகாஸ்ட். ஆனால் ஒரு வழிப் பாதை. வாங்கலாம், பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த இன்னொரு திட்டத்தில், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்துவது இலக்கு. இதில் படகிலிருந்தும் பேசலாம்.

பதில் சொல்வதில் அப்படி என்ன இருக்கிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

மௌனத்துக்கு என்ன அர்த்தம்?

யூனிகாஸ்ட்டில் ஒவ்வொரு செய்திக்கும் "கிடைத்தது" என்று பதில் வாங்க முடியும். மல்ட்டிகாஸ்ட்டில் 5000 பேரும் "கிடைத்தது" என்று ஒரே நேரத்தில் சொன்னால் அனுப்பியவர் அந்தப் பதில்களிலேயே மூழ்கிவிடுவார். எனவே திருப்பிப் போட்டார்கள். கிடைத்தவர் பேச வேண்டாம். கிடைக்காதவர் மட்டும் "எனக்கு வரவில்லை" என்று கேட்கட்டும். 1995-ல் சாலி ஃபிளாய்டும் மற்றவர்களும் எழுதிய எஸ்ஆர்எம் என்ற முறை இப்படிப்பட்டதுதான். அதில் இன்னொரு நல்ல விஷயம், விட்டுப்போன செய்தியை அனுப்பியவர்தான் மறுபடி தர வேண்டும் என்பதில்லை. கையில் வைத்திருக்கும் பக்கத்து ஆள் யாரும் தரலாம். செய்தி கிடைத்த படகு பக்கத்துப் படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வது மாதிரி.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை. தனக்கு ஒரு செய்தி வந்திருக்க வேண்டும் என்பதே தெரியாதவர் எப்படி "வரவில்லை" என்று கேட்பார்?

நம் படகை மறுபடி பாருங்கள். எந்தச் செய்தியும் வரவில்லை. வானம் தெளிவாக இருக்கிறது. ஓட்டுபவர் என்ன நினைப்பார்? "ஒன்றும் இல்லை போல." மீனவரின் காதில் மௌனம் என்றால் 'ஆபத்தில்லை'. ரவுட்டரின் காதில் அதே மௌனம் 'ஆளில்லை'. இரண்டு பேருமே தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நடுவே கிளை அறுந்து கிடக்கிறது.

எஸ்ஆர்எம்மில் இதற்கு ஒரு மருந்து உண்டு. செய்திகளுக்கு எண் போடுவது. புதிய செய்தி இல்லாவிட்டாலும், "கடைசியாக அனுப்பியது 7-ம் எண்" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருப்பது. 5 வரை மட்டும் வாங்கியவருக்கு உடனே உறைக்கும், இரண்டு விட்டுப்போச்சு என்று. அந்த அறிவிப்பே வராவிட்டால்? தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். இதயத்துடிப்பு மாதிரி. துடிப்பில் செய்தி எதுவும் இல்லை, நின்றால்தான் செய்தி.

அதனால்தான் "இன்று எச்சரிக்கை எதுவும் இல்லை" என்று தினமும் சொல்வது வெட்டி வேலை இல்லை. அது இருந்தால்தான் மௌனத்தை அடையாளம் காண முடியும்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து 653-ம் எண் பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே சிக்னல் விளக்கு எரியவில்லை, ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்தார், பிறகு நீண்ட விசில் கொடுத்துவிட்டு ரயிலை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. சற்று தூரத்தில் பேரலை ரயிலை மூடியது. ஒருவரும் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து போனதால் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு பக்கமும் கடல், இருட்டு, மழை. நின்றிருந்தாலும் பிழைத்திருப்பார்களா என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் அணைந்த விளக்கைப் பற்றி ரயில்வேயின் பொது விதி ஒன்று உண்டு. எரியாத சிக்னலை, அது காட்டக்கூடிய மிகக் கடுமையான உத்தரவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயின் அகராதியில் மௌனம் என்றால் 'ஆபத்து'.

இப்போது அந்தக் கூண்டுக்கு வருவோம். 11-ம் எண் கூண்டுக்கு அர்த்தம் இதுதான்: "வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது."

புயல் வருகிறது என்று அது சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. "எங்களுக்கே செய்தி வரவில்லை, எச்சரிக்கையாக இருங்கள்" என்று மட்டும் சொல்கிறது. பட்டியலில் அதன் இடத்தைப் பாருங்கள். பெரும் அபாயத்தைச் சொல்லும் 8, 9, 10-க்கும் அடுத்து. இன்டர்நெட் பிறப்பதற்கு முன்பிருந்தே கப்பல்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. செய்தி இல்லாததும் ஒரு செய்தி. அதற்கும் ஒரு கூண்டு வேண்டும்.

டோக்கன்

கடைசியாக ஒன்று. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். வானிலை மோசம் என்றால் டோக்கன் கிடையாது. அன்று வருமானமும் கிடையாது. திட்டாதவர்கள் குறைவு. ஆனால் நெட்வொர்க் படித்தவர்கள் கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரியும். டீரிங் வேண்டாம் என்று விட்ட அந்தப் பட்டியல் இதுதான். இன்று குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு. அது இருந்தால்தான் மாலையில், "எல்லோரும் வந்துவிட்டார்களா?" என்ற கேள்விக்கே அர்த்தம் உண்டு. கிராமத்துக் கரைகளிலிருந்து கிளம்பும் சிறு நாட்டுப்படகுகளுக்கு அந்தக் கணக்கை வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

டீரிங்கின் யோசனை தவறு என்று சொல்ல முடியாது. கோடிப் பேருக்கு ஒரே பாட்டை அனுப்ப, பெயர்ப் பட்டியல் இல்லாத மரம் போதும். ஒருவருக்குக் கேட்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் அதே மரத்தின் வழியே புயல் எச்சரிக்கையை அனுப்பும்போது, அந்த ஒருவர் யார் என்பதுதான் முக்கியம். அல்காரிதம் அதைக் கேட்காது. அதை வடிவமைப்பவர்தான் கேட்க வேண்டும்.

நாளை இந்த வகுப்பிலிருந்தே யாராவது ஓர் எச்சரிக்கை மென்பொருள் எழுதக்கூடும். "செய்தி வெற்றிகரமாக அனுப்பப்பட்டது" என்று பச்சை எழுத்தில் திரையில் காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: செய்தி கிடைக்காதவருக்கு, கிடைக்கவில்லை என்பதாவது தெரியுமா?